இடம் உண்டு, இடம் இல்லை

அமெரிக்காவின் 66ஆம் நெடுஞ்சாலை 1926இல் பிறந்தது. சிகாகோவில் கிளம்பி சாண்டா மோனிகா வரைக்கும் ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். அகலமான புதுச் சாலைகள் ஊர்களை ஒதுக்கிவிட்டு ஓடியதில் அதன் ஓரத்து மோட்டல்கள் பல படுத்துவிட்டன. 1985இல் அந்த எண்ணையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது மிச்சமிருப்பதைத் தேடித் தேடிப் படம் பிடிக்கிறார்கள். டூகம்கேரியில் புளூ ஸ்வாலோ மோட்டலின் நியான் குருவி. ஹோல்புரூக்கில் சிமெண்டுக் கூம்புக் கூடாரங்கள். (நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு, பழங்குடிகளின் கூடாரத்தைப் பொம்மையாக்கி ராத்திரி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதையும் ரசிக்கணுமாம்.) படங்களோடு ஒரு பெருமூச்சும் வருகிறது: அது நல்ல காலம்!

யாருக்கு?

'இடம் உண்டு' என்று எரிந்த பலகை வெள்ளைக்காரர் காருக்கு மட்டும்தான் எரிந்தது. கறுப்பர் இறங்கிப்போய்க் கேட்டால் அந்த நிமிடமே எல்லா அறையும் நிரம்பிவிடும். பொழுது சாய்ந்தபின் கறுப்பர் தலை தெரியக்கூடாத ஊர்களும் இருந்தன. சிலதில் ஊர் எல்லையிலேயே அதற்கும் ஒரு பலகை நட்டிருந்தார்கள். இந்தச் சாலையைக் கொண்டாடும் பாட்டை 1946இல் பாடிப் புகழாக்கியவர் நாட் கிங் கோல். கறுப்பர். தான் பாடிய சாலையிலேயே அவருக்குத் தங்க விடுதி கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936இல் ஒரு கையேடு போட்டார். எந்த ஊரில் கறுப்பருக்குச் சோறு கிடைக்கும், படுக்கை கிடைக்கும் என்கிற முகவரிகள்தான் மொத்தப் புத்தகமும். விடுதி இல்லாத ஊரில் யாராவது வீட்டு முகவரி. முப்பது வருஷம் அது தேவைப்பட்டது. நியான் பலகைகளுக்கு ஆல்பம் போடுகிறவர்கள் இந்த முகவரிகளையும் அதே ஆல்பத்தில் ஒட்டட்டும். இல்லையென்றால் அது பொய் ஆல்பம்.

1964 ஜூலையில் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட 'ஹார்ட் ஆஃப் அட்லாண்டா' மோட்டலின் முதலாளி உடனே கோர்ட்டுக்கு ஓடினார். அவர் வைத்த வாதங்களில் ஒன்றைக் கேளுங்கள்: கறுப்பருக்கு அறை கொடு என்று கட்டாயப்படுத்துவது தன்னை அடிமையாக்குவதாம், அடிமைமுறையை ஒழித்த 13ஆம் சட்டத்திருத்தம் வந்து தன்னைக் காப்பாற்றணுமாம்! அந்த டிசம்பரிலேயே உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளிவிட்டது. நல்லதுதான். ஆனால் தீர்ப்பு காலூன்றி நின்றது வணிகத்தின்மேல். தங்குகிறவர்களில் 75 சதம் வெளிமாநிலத்தார்; ஆகவே இது மாநிலங்களுக்கிடையிலான வணிகம்; ஆகவே சட்டம் செல்லும். பேங்கில் கணக்கெழுதிப் பிழைக்கிற எனக்கே கூச்சமா இருக்கு. ஒருத்தன் மனுசன்ங்கிறதுக்கு வரவு செலவுக் கணக்கா சாட்சி?

மெம்ஃபிசில் இருக்கிறது லொரைன் மோட்டல். வால்டர் பெய்லி என்ற கறுப்பர் 1945இல் வாங்கி, மனைவி லோரீயின் பெயரை ஒட்டிப் பெயர் வைத்தார். கிரீன் கையேட்டில் இடம்பெற்ற விடுதி. துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங், 1968 ஏப்ரல் 4 அன்று அதன் 306ஆம் அறை வாசலில் சுடப்பட்டார். யாருக்காக வந்து செத்தார் என்பதை நம் வாசகர்களுக்கு அடிக்கோடு போட்டுக் காட்ட வேண்டாம். அன்றைக்கே லோரீ பக்கவாதத்தில் விழுந்தார். கிங்கை அடக்கம் செய்த நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

1991இல் அந்த மோட்டல் அருங்காட்சியகம் ஆனது. பழைய பெயர்ப்பலகை அப்படியே நிற்கிறது. அது வேண்டும்தான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்காக 1988இல் அங்கே கடைசியாகக் குடியிருந்த ஒரு கறுப்புப் பெண்ணைத் தூக்கி வெளியே விட்டார்கள். அவர் எதிர்த்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்தப் பணத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டுங்கள், கிங்குக்கு நினைவகம் அதுதான் என்றார். பலகையைப் படம்பிடிக்க வந்தவர்களிடம், உள்ளே போகாதீர்கள் என்று பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்.