மிளகு போன வழியில் பக்குவம் போகவில்லை

மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்கு வருகிறவர்கள் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்க்க வருகிறார்கள். எனக்கு அந்தத் தெருவின் மசாலா கிட்டங்கிகளே பெரிய காட்சி. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினை 1819-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். பைப்பரினை உடைத்தால் பைப்பெரிடின் கிடைக்கும். அதன் வளையத்திலிருந்து ஹைட்ரஜனை நீக்கினால் பிரிடின். அந்த வளையத்தின் மூன்றாம் இடத்தில் ஒரு கார்பாக்சில் தொகுதி சேர்ந்தால் அதுவே நியாசின், வைட்டமின் பி3. வெந்தயத்தில் இருக்கும் டிரைகோனெலின் இதற்கு நெருங்கிய சொந்தம். நைட்ரஜனில் ஒரு மெத்தில் தொகுதி கூடுதல், அவ்வளவுதான். காப்பிக்கொட்டையிலும் அது உண்டு. வறுக்கும்போது சூட்டில் மெத்தில் கழன்று ஒரு பங்கு நியாசினாகிவிடுகிறது. பாக்கின் அரிகோலினும் இதே வம்சம்.

கொச்சியிலிருந்து போர்த்துகீசியர் மிளகு ஏற்றிய அதே நூற்றாண்டில், அமெரிக்கக் கண்டத்து மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் பரவியது. மெக்சிகோ மக்கள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள். தானியத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் அப்போதுதான் உடம்பில் சேரும். கப்பலில் தானியம் ஏறியது, பக்குவம் ஏறவில்லை. 1735-இல் ஸ்பெயினில் காசல் என்ற மருத்துவர், வெயில் படும் இடமெல்லாம் தோல் கருகி வெடித்த ஏழை விவசாயிகளைப் பற்றி எழுதினார். தோலில் தொடங்கி வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் என்று சாவு வரை கொண்டுபோகும் அந்த நோய்தான் பெலக்ரா. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மட்டும் ஒரு லட்சம் பேரை அது பலிகொண்டதாக மதிப்பிடுகிறார்கள்.

மருந்து இல்லாமல் அவர்கள் சாகவில்லை என்பதுதான் மனதை அறுக்கிறது. 1867-லேயே ஹூபர் புகையிலையின் நிகோடினிலிருந்து நிகோடினிக் அமிலத்தை, அதாவது நியாசினை, தயாரித்துவிட்டார். பெரிபெரிக்கு மருந்து தேடிய ஃபங்க், அரிசித் தவிட்டிலிருந்து அதையே பிரித்தெடுத்தார். பெரிபெரி தீராததால் ஒதுக்கி வைத்தார். பெலக்ரா தொற்று அல்ல, சாப்பாட்டின் குறை என்று 1914 முதல் கோல்ட்பெர்கர் போராடி நிறுவினார். 1937-இல் எல்வெஜெம், பெலக்ராவை ஒத்த நோய் கண்ட நாய்களை நிகோடினிக் அமிலத்தால் குணமாக்கிய பிறகே கதை முடிந்தது. இடையில் போனவை எழுபது ஆண்டுகள். சீசாவில் இருந்ததையும் ஏழையின் தட்டில் இல்லாததையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

நம் பக்கத்தில் அப்படிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். குன்னூர் ஆய்வுக்கூடத்தில் அய்க்ராய்டும் சுவாமிநாதனும் தானியங்களின் நிகோடினிக் அமிலத்தை அளந்து, 1940-இல் ஒரு புதிரை முன்வைத்தார்கள்: தீட்டிய அரிசியில் இருப்பதைவிட மக்காச்சோளத்தில் அது குறைவில்லை, ஆனாலும் அரிசி உண்பவருக்குப் பெலக்ரா வருவதில்லை. விடையின் ஒரு பகுதி, உடம்பு டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்தும் நியாசின் செய்துகொள்ளும் என்பது. ஏறத்தாழ 60 மில்லிகிராமுக்கு ஒன்று வீதம். மக்காச்சோளத்தில் டிரிப்டோபன் குறைவு.

அந்த ஆய்வுக்கூடம் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தபின், சேலத்தில் பிறந்த கோபாலன் இன்னொரு புதிரை எதிர்கொண்டார். தக்காணத்து ஏழைகள் உண்டது மக்காச்சோளம் அல்ல, நம் நாட்டுச் சோளம். அதில் டிரிப்டோபன் அவ்வளவு குறைவில்லை, ஆனாலும் பெலக்ரா வந்தது. சோளத்தில் மிகுந்திருக்கும் லியூசின் நியாசின் உற்பத்தியைக் குலைக்கிறது என்று அவரும் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் எழுதினார்கள். எல்லா ஆய்வாளர்களும் அதை ஏற்கவில்லை. ஆனால் நோயாளியின் தட்டிலிருந்து கேள்வியைத் தொடங்கிய அந்த முறையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்று நியாசின் மாத்திரையாகிவிட்டது. கொழுப்பைக் குறைக்க அதைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்த சோதனைகள், ஸ்டேட்டின் சாப்பிடுபவர்களுக்கு அதனால் கூடுதல் பயன் இல்லை என்றே 2011-லும் 2014-லும் காட்டின. அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது சிறுதானியப் பேச்சு. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை நானும் வரவேற்றேன். ஆனால் தக்காணத்தில் நோய் வந்தது சோளத்தை மட்டுமே உண்ண நேர்ந்தவர்களுக்கு. அந்தச் சோற்றோடு பருப்பும் நிலக்கடலையும் பாலும் முட்டையும் சேர்ந்திருந்தால் வந்திருக்காது. சத்துணவிலும் ரேஷனிலும் சிறுதானியம் தருகிற அரசு, இவற்றுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.