முத்துநகருக்கு எதில் போவது?

தூத்துக்குடிக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. முயல்தீவு கடற்கரையில் குப்பை போடாதே, மஞ்சப்பை எடுத்துக்கொண்டு வா, பவளப்பாறைத் துண்டை ஞாபகார்த்தமாகப் பொறுக்காதே... எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் இந்த அறிவுரைகளில் ஒரு கேள்வி மட்டும் எப்போதும் விடுபட்டுப் போகிறது. வந்தவர் எதில் வந்தார்?

சென்னையிலிருந்து விமானத்தில் வந்து வாகைக்குளத்தில் இறங்கி, ஏசி காரில் திருச்செந்தூரும் மணப்பாடும் ஒரே நாளில் ஓடிப் பார்த்துவிட்டு, கையில் இரண்டு பாக்கெட் மக்ரூனோடு மறுநாளே பறந்துவிடும் ஒருவர், அந்த மக்ரூனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார் என்பதற்காகப் பொறுப்பான பயணி ஆகிவிடுவாரா?

வேறு ஊரைவிட இந்த ஊரில் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கடலில் 21 தீவுகள். 1986ல் இவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அவற்றில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், இன்று தண்ணீருக்குள். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் வான்தீவு கரைந்து கரைந்து 2013ல் இரண்டாகவே பிளந்தது. தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைதான் அலையின் வேகத்தைத் தடுக்கும் சுவர். அந்தச் சுவரைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டிடத்துக்கும் அனுப்பினார்கள். 2001ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தன. 2015 முதல் வான்தீவுக்கு முன்னால் கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகளை இறக்கி அலையைத் தடுத்துவருகிறார்கள். நல்ல வேலை, பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் கல் வெட்டுவதைச் சட்டம் போட்டு நிறுத்தலாம். தீவுக்குப் போகும் படகை வனத்துறை மறிக்கலாம். கடல் சூடாவதை எந்த ரேஞ்சர் போய் மறிப்பது? 2010லும் 2016லும் கோடையில் கடல்நீர் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்துப் போயின. பவளத்துக்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருவது அதற்குள் குடியிருக்கும் நுண்பாசி. சூடு தாங்காமல் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது, பிறகு பட்டினி. அந்தச் சூட்டுக்குக் காரணமான கரியமில வாயு கடற்கரையில் போடும் சிப்ஸ் கவரிலிருந்து வருவதில்லை.

ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வருகிறது. (எரிபொருளில் உள்ள கரி காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்வதால்தான் எடை கூடுகிறது, பிளஸ் டூ கெமிஸ்ட்ரி!) தூத்துக்குடிக்குப் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கும் ஏடிஆர் ரக விமானங்கள் பெரிய ஜெட்டுகளைவிடக் குறைவாகவே எரிபொருள் குடிக்கும் என்பது உண்மை. இருந்தாலும் எழுபது சொச்சம் பேரை வானத்தில் தூக்கிக்கொண்டு போவதும், ஆயிரம் பேருக்கு மேல் தண்டவாளத்தில் உருட்டிக்கொண்டு போவதும் ஒன்றாகிவிடாது. முத்துநகர் எக்ஸ்பிரஸில் படுத்து வருகிறவரின் கணக்கில் சேரும் கரி, பறந்து வருகிறவருடையதைவிடப் பல மடங்கு குறைவு. ரயிலுக்கான மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்து வந்தாலும்கூட.

"அப்படியென்றால் எல்லாரும் ரயிலில் போக வேண்டியதுதானே?" என்று கேட்பது சுலபம். டிக்கெட் கிடைக்க வேண்டாமா? சென்னையிலிருந்து மெயின் லைன் திருநெல்வேலிக்குப் போகிறது. தூத்துக்குடிக்கு மணியாச்சியில் பிரியும் கிளைப்பாதைதான். 1876லேயே ரயில் வந்துவிட்ட ஊர் இது. இன்றும் சென்னையிலிருந்து தினமும் நேரடியாக வரும் ரயில் என்று பெயர் சொல்ல அந்த ஒரு முத்துநகர்தான் இருக்கிறது. பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கோ பொங்கலுக்கோ அதில் இடம் பிடிப்பது ஒரு தனிக் கலை. விமான நிலையத்துக்கோ சுமார் 450 கோடி ரூபாயில் புது முனையம் 2025 ஜூலையில் திறந்தாயிற்று. ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது, ஏர்பஸ் விமானமே இறங்கலாம். ஊருக்கு அது வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவசரத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஓடுபாதையை நீட்டக் காட்டிய அக்கறையில் கால்வாசியை இன்னொரு இரவு ரயிலுக்குக் காட்டியிருந்தால், "பொறுப்பாகப் பயணம் செய்யுங்கள்" என்று மக்களிடம் சொல்ல ஒரு தகுதி இருந்திருக்கும்.

வந்து சேர்ந்த பிறகும் கணக்கு முடிந்துவிடாது. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979ல் தொடங்கி, தலா 210 மெகாவாட்டில் ஐந்து யூனிட்டுகளாக வளர்ந்தது. அதற்கான நிலக்கரி துறைமுகத்தில்தான் வந்து இறங்குகிறது. ஓட்டல் அறை ஏசியை 18ல் வைத்துப் போர்வைக்குள் சுருண்டுகொள்பவர் அந்தப் புகைபோக்கியை ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். இதே தூத்துக்குடிக்குப் பக்கத்து முள்ளக்காட்டில் 1986லேயே காற்றாலை வைத்தார்கள். உப்பளத்தில் கடல்நீரைக் காயவைப்பது வெயிலும் காற்றும்தான். சூரிய சக்தி என்ற சொல்லெல்லாம் பிரபலமாவதற்கு முன்பே நடக்கும் தொழில்!

'பொறுத்திருந்து எடுப்பது' என்பதும் இந்தக் கரைக்குப் புதிது இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் நினைத்தபோதெல்லாம் கடலில் குதித்துவிட முடியாது. முதலில் பாரைச் சோதித்துப் பார்ப்பார்கள். சிப்பி விளையவில்லை என்றால் அந்த வருடம் சலாபம் கிடையாது. இப்படிப் பல வருடங்கள் சும்மா விட்டதும் உண்டு. அப்படியும் 1961க்குப் பிறகு இங்கே சலாபம் நடக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

கப்பல் சமாசாரம் இன்னும் வேடிக்கை. வ.உ.சி. 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டத்தான். போட்டிக்கு வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பார்கள். ஜனங்கள் எதில் போவார்கள் என்பதைக் கட்டணம் எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். 2011 ஜூனில் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பல் மறுபடி கொழும்புக்குக் கிளம்பியது, நவம்பரிலேயே நின்றுபோனது. காலியாக ஓடும் கப்பல் விமானத்தைவிட அதிகப் புகை விடும் என்பதால், ஏதோ ஒரு கப்பலை விட்டால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. நிறைய பேர் ஏறுகிற கட்டணத்தில், சரியான அளவுக் கப்பல் வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023ல் விட்டிருக்கிறார்கள், அதுவும் இடையில் நின்று 2024ல் மறுபடி தொடங்கியதுதான். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கன்டெய்னர் போகிறது, தோணியில் மாலத்தீவுக்குக் காய்கறி போகிறது. ஆள் போவதென்றால் மட்டும், முதலில் வடக்கே மதுரைக்கோ சென்னைக்கோ போய் விமானம் ஏற வேண்டும்.