பதினொன்றாம் வகுப்பிலேயே அடைபடும் வாசல்

பூங்காக்களில் குழி வெட்டி, மண் சுமந்து, புல்வெளிக்கு நீர் பாய்ச்சுவோரில் நம் மக்கள் மிகுதி. அவற்றைத் திட்டமிடும் நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர்களிடையே நம்மவரைத் தேட வேண்டியிருக்கிறது. தோட்டவேலையில் எத்தனை ஆண்டு பழகினாலும், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ எனத் தம்மை அழைத்துக்கொள்ள இயலாது.

வழி தொலைவில் இல்லை. திருவெறும்பூரை அடுத்த துவாக்குடியில், 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் ஐந்தாண்டு பி.ஆர்க் நடத்துகிறது. பட்டியல் சாதியினருக்கு அங்கு 15 விழுக்காடு இடங்களும் கல்விக் கட்டண விலக்கும் உண்டு. பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்திலோ, டெல்லி திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியிலோ நிலத்தோற்றத் துறையில் ஈராண்டு முதுநிலை. ஆக ஏழாண்டுகள்.

ஆயினும் பி.ஆர்க் சேர மேல்நிலையில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். செடிகொடிகளில் ஆர்வம் கொண்டு தாவரவியல், விலங்கியல் பிரிவைத் தேர்ந்த சிறுமி, கணிதத்தைக் கைவிட்டதாலேயே செடிகொடிகளைக் கொண்டு வெளிகளை வடிவமைக்கும் தொழிலை இழக்கிறாள்! பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்து தொழிற்கல்விப் பிரிவுக்கு அனுப்பப்படுவோர் நிலையும் அதுவே. கணிதம் படித்தவருக்கோ ஜேஇஇ இரண்டாம் தாளின் ஓவியத் தேர்வு காத்திருக்கிறது. வினாத்தாள் 2021 முதல் தமிழிலும் வருகிறது. ஓவிய ஆசிரியர் இல்லாத அரசுப் பள்ளிக்கு அதனால் என்ன பயன்? கட்டண விலக்கும் சேர்ந்த பிறகுதான்.

மயானப் பாதை எவ்வழிச் செல்லும், குளத்தின் படித்துறை எத்தெருவை நோக்கும் என்பவை வரைபடத்தில் முடிவாகின்றன. ஆகவே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் ஓவியப் பயிற்சியையும், பதினொன்றாம் வகுப்புப் பிரிவைத் தேர்வதற்கு முன்பே இவ்வழியை விளக்கும் ஆலோசனையையும் அரசு வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டுமெனக் கோருகிறோம்.