ஈரலுக்கு எதற்கு இத்தனை குளிகை?

ராகமையில் 35 முதல் 64 வயது வரையானோரிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது. மதுவின் மேல் பழிபோட முடியாத கொழுப்பு அது. ‘ஈரலைச் சுத்திகரிக்கும்’ குளிகைகளுக்குச் சந்தை கிடைத்ததில் வியப்பில்லை.

மஞ்சளும் கொறுக்காய்ப்புளியும் நம் குசினிச் சரக்குத்தானே, என்ன கெடுதல் என்பார்கள். கறியில் விழுவது சிட்டிகை. குளிகையில் இருப்பது செறிவூட்டிய சாறு. மஞ்சளை உடல் கூடுதலாக உறிஞ்சவென மிளகுச் சத்தையும் சேர்க்கிறார்கள். இக்குளிகைகளை விழுங்கி ஈரலே பழுதானவர்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள்.

விற்றமின் ஈக்கு ஓரளவு சான்றுண்டு. 2010ஆம் ஆண்டின் ஆய்வொன்றில் 43 வீதமானோர் தேறினர். வெற்றுக் குளிகை உண்டவர்களில் 19 வீதம். ஆனால் ஈரலில் அழற்சி கண்ட, நீரிழிவு இல்லாதவர்களே அதில் பங்கேற்றனர். கொழுப்பீரலோடு வைத்தியரிடம் போகும் நம்மவரில் நீரிழிவு இல்லாதவர் எத்தனை பேர்?