பந்தியில் கடைசியாக அமர்பவர்

ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழாவுக்குச் சென்று திரும்பியவர்களிடம் விழா எப்படியிருந்தது என்று விசாரித்துப் பாருங்கள். தலைமையுரை நீண்டுவிட்டது என்பார் ஒருவர். நாடகம் நன்றாயிருந்தது என்பார் இன்னொருவர். நாற்காலிகளை இரவல் வாங்கி வந்தவர் யார், வெளியூர்ப் பேச்சாளரைப் புகையிரத நிலையத்தில் எதிர்கொண்டவர் யார், நள்ளிரவில் பந்தலைப் பிரித்தவர் யார் என்று எவரும் சொல்லமாட்டார். கலியாண வீட்டிலே எல்லாப் பந்தியையும் விசாரித்து நின்றவர், கடைசியில் ஆறிய சோற்றுக்கு முன் அமர்வதைப் போன்ற காரியம் அது.

அத்தகைய ஒரு பதவியைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினேன். ஆனால் அது நம்மூர்ப் பதவியன்று. அமெரிக்கக் கல்லூரிகளிலே மாணவர்க்குக் கட்டுரை எழுதப் பயிற்றும் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் கூடும் மகாநாட்டின் தலைமைப் பதவி அது. அம்மகாநாட்டின் ஆங்கிலப் பெயரிலுள்ள முக்கியமான நான்கு சொற்களும் 'ஸி' என்னும் எழுத்திலே தொடங்குவதால், 'நாலு ஸி' என்று செல்லமாக அழைக்கின்றனர்.

கட்டுரை எழுதக் கற்பிப்பதற்கும் தனி ஆசிரியர் வேண்டுமா என்று மாணவ நேயர்கள் வியக்கக்கூடும். அந்நாட்டிலே வைத்தியம் படிக்க நினைப்பவராயினும் வர்த்தகம் படிப்பவராயினும், பெரும்பாலான கல்லூரிகளில் முதலாம் ஆண்டிலே எழுத்துப் பயிற்சி வகுப்பொன்றிற் சேர்ந்தே தீரவேண்டும். நான்கு வகுப்புகளை ஏற்ற ஓர் ஆசிரியரின் மேசையில் எண்பது தொண்ணூறு கட்டுரைகள் ஒருங்கே வந்து குவிவதுண்டு. அவற்றை வரிவரியாகப் படித்துத் திருத்துவது கண்ணையும் பொறுமையையும் ஒருசேரத் தின்னும் வேலை. இலக்கியம் போதிக்கும் பேராசிரியர் பலர் அவ்வேலையைத் தமக்குக் கீழானதென்றே நெடுங்காலம் கருதி வந்தனர்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது நிலைமை முற்றியது. 1944ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால், போரிலிருந்து மீண்ட வீரர்களின் படிப்புச் செலவை அரசாங்கமே ஏற்றது. கல்லூரிகள் நிரம்பி வழிந்தன. எழுத்துப் பயிற்சி வகுப்புகள் இளம் விரிவுரையாளர்களின் தலையிலும், தாமே மேற்படிப்பு மாணவராயிருந்தவர்களின் தலையிலும் விழுந்தன. 1949ஆம் ஆண்டு வசந்த காலத்திலே ஏறக்குறைய 500 பேர் சிக்காகோ நகரிற் கூடித் தம் தொழிலைப் பற்றி ஆராய்ந்தனர். 1911இல் நிறுவப்பட்ட ஆங்கில ஆசிரியர் தேசிய சபையின் கிளையாக இம்மகாநாடு அவ்வாண்டு உருவாயிற்று. அயோவாப் பல்கலைக் கழகத்தின் ஜோன் கெர்பர் முதல் தலைவரானார். மறு ஆண்டில் ஒரு சஞ்சிகையும் தோன்றியது.

இனி, தலைமையின் வகையைக் கேளுங்கள். இங்கே ஒருவர் ஒரே நாளிலே தலைவராகிவிடுவதில்லை. அங்கத்தவர் வாக்களித்துத் தெரிவது உதவித் தலைவரை. அவர் அடுத்த ஆண்டு இணைத் தலைவராவார். அதற்கடுத்த ஆண்டு தலைவர். நான்காம் ஆண்டிலே முன்னைநாள் தலைவராக நின்று பின்வருவோர்க்கு வழிசொல்வார். ஒரு வாக்கெடுப்பு, நான்கு ஆண்டுக் கடமை. இது சம்பளமுள்ள உத்தியோகமன்று. ஹோட்டலுடன் பேரம் பேசவும் கணக்கு வைக்கவும் தேசிய சபையின் காரியாலயத்தில் ஊழியர் உளர். எஞ்சிய சுமை தலைவருடையது. அவருடைய சொந்தக் கல்லூரியும் மாணவரும் கட்டுரைக் கட்டுகளும் அதற்காகக் காத்திருப்பதில்லை.

நான்கு ஆண்டுகளுள் இரண்டாவதே மிகக் கடினமானது. அவ்வாண்டு மகாநாட்டின் நிகழ்ச்சி நிரல் முழுவதும் இணைத் தலைவரின் பொறுப்பு. பொருள் ஒன்றைத் தெரிந்து அழைப்பு எழுதவேண்டும். அதற்கு விடையாக ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வரும். அவற்றைப் படித்து மதிப்பிடுவோரும் நாடெங்குமுள்ள ஆசிரியர்களே, அவர்களுக்கும் ஊதியமில்லை. தெரிந்தெடுத்த பேச்சுகளை நாள், வேளை, மண்டபம் என்று பொருத்துவது பெரிய சதுரங்க ஆட்டம். ஒருவரே இரு அரங்குகளில் ஒரே வேளையில் தோன்றலாகாது. ஒரே பொருளை விரும்புவோர்க்கு இரண்டு நல்ல பேச்சுகள் ஒன்றோடொன்று மோதலாகாது. சனிக்கிழமை பிற்பகலையோ எவரும் விரும்பார். பாதிப்பேர் விமான நிலையத்துக்குப் புறப்பட்டிருப்பர். அந்த வேளையை எவருக்கேனும் ஒதுக்கத்தானே வேண்டும்? விண்ணப்பம் மறுக்கப்பட்டவரின் கோபத்தைவிட, சனிக்கிழமை பிற்பகல் கிடைத்தவரின் மௌனமே தாங்கற்கரியது என்று நான் ஊகிக்கின்றேன்.

இவ்வளவுக்கும் கைம்மாறு யாது? தலைவர் ஆகும் ஆண்டிலே பேரவை முன் ஓர் உரை ஆற்றலாம். 1977இல் றிச்சர்ட் லொய்ட்-ஜோன்ஸ் தொடக்கிவைத்த வழக்கம் அது.

வெறும் பேச்சுக் கச்சேரிக்காகவா இத்தனை பாடு என்று கேட்பவர்க்கு 1974ஆம் ஆண்டைச் சொல்லவேண்டும். மாணவர் தம் வீட்டிலும் இனத்தவரிடையிலும் பேசும் மொழிவழக்குக்கு உரிமையுடையர் என்றும், ஒரே ஒரு வழக்கே சரியானது என்னும் எண்ணத்துக்கு ஆதாரமில்லை என்றும் இம்மகாநாட்டினர் அவ்வாண்டிலே தீர்மானம் நிறைவேற்றினர். கறுப்பின மாணவரின் பேச்சைத் 'தவறு' என்று சிவப்பு மையினாற் கோடிட்டு வந்த காலம் அது. தீர்மானத்தை வகுத்த குழுவிலே ஜெனீவா சிமிதர்மன் போன்ற மொழியறிஞர் இருந்தனர். ஆசிரியர் பலர் சீறினர். வாதம் இன்றும் ஓயவில்லை. அந்த வாதத்தின் தொடர்ச்சியிலே நம்மவர் ஒருவரும் இடம்பெற்றார். யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துப் பின் அமெரிக்கா சென்ற சுரேஷ் கனகராஜா, பல நாட்டு ஆங்கில வழக்குகளுக்கும் கல்லூரி எழுத்திலே இடமுண்டு என்று 2006இல் இம்மகாநாட்டின் சஞ்சிகையில் எழுதினார். அச்சஞ்சிகையின் சிறந்த கட்டுரைக்குரிய பிறடொக் பரிசு அதற்குக் கிடைத்தது. யுத்த காலத்து யாழ்ப்பாணத்தில் தாளுக்கே தட்டுப்பாடிருக்க, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பிய பாட்டை 2002இல் தனி நூலாக எழுதியவரும் அவரே.

ஆயினும் இத்தலைமையிலே உறுத்தும் முள் ஒன்றுண்டு. எழுத்துப் பயிற்சி வகுப்புகளைப் பெரும்பாலும் சுமப்போர் நிரந்தரப் பதவியில்லாத ஆசிரியர். வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி. அடுத்த தவணையில் வேலை உண்டோ இல்லையோ தெரியாது. இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு அலைந்து பிழைப்பவர் நான்கு ஆண்டுகளை இலவசமாக எங்ஙனம் கொடுப்பார்? ஆகவே தலைமை, நிரந்தரச் சம்பளம் உடையவரையே பெரிதும் நாடிச் செல்கின்றது. 1986ஆம் ஆண்டுக் கோடையில் வயோமிங் மாநிலத்திலே கூடிய ஆசிரியர்கள் இக்குறையை மனம்விட்டுப் பேசினர். நியாயமான சம்பளத்துக்கும் வேலை நிலைமைக்கும் அளவுகோல் வகுக்கவேண்டும், அதை மீறும் கல்லூரிகளைப் பகிரங்கமாகக் கண்டிக்கவேண்டும் என்று தீர்மானித்தனர். 'நாலு ஸி' 1987இல் அதை ஏற்றது. 1989இல் அளவுகோலும் அறிக்கையாக வெளிவந்தது. ஆனால் கண்டிக்கும் அதிகாரம் கைகூடவில்லை. நிரந்தரப் பதவிகளைப் பெருக்குக என்ற அறிக்கை, பதவியில்லாதோர் பலருக்கு ஏமாற்றமே தந்தது. ஊதியமின்றித் தொண்டு செய்வோர், ஊதியம் குறைந்தோருக்காக வழக்குரைத்துத் தோற்ற கதை என்று நான் இதைச் சொல்வேன். தொண்டைப் புகழ்ந்து மாலையிடுவோர், யாருக்குத் தொண்டு செய்ய வசதியிருக்கின்றது என்று கேட்பது அரிது.

2020ஆம் ஆண்டு மகாநாடு மில்வாக்கி நகரிலே மார்ச் இறுதியில் நடைபெறவிருந்தது. நிகழ்ச்சிப் பொறுப்பு மிச்சிகன் மாநிலப் பல்கலைக் கழகத்தின் ஜூலி லிண்ட்குவிஸ்ட் அம்மையாருடையது. நிகழ்ச்சி நிரலிற் பெயர் இல்லாதவர்க்குப் பயணச் செலவு கொடாத கல்லூரிகள் பல. அம்மையார் புதுமையொன்று செய்தார். மகாநாட்டிலே தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைக்கும் 'குறிப்பாளர்' என்னும் பணியை வகுத்து, பேச இடங்கிடைக்காதவர்க்கும் நிரலில் ஓரிடம் கொடுத்தார். எல்லாம் ஆயத்தமான வேளையிலே கொரோனாத் தொற்று வந்தது. மகாநாடு கைவிடப்பட்டது. ஓராண்டுக்கு மேற்பட்ட உழைப்பு, ஒரு மண்டபக் கதவுகூடத் திறக்காமல் முடிந்தது.

குறிப்பாளராக இசைந்தவர்களுக்கோ, காண்பதற்கு மகாநாடு இல்லை. அவர்களிற் பலர் அந்த நாட்களில் வீட்டிலிருந்தவாறே தாம் கண்டதை எழுதினர்: அடைபட்ட நகரம், சமையலறை மேசையில் நடந்த வகுப்பு, அடுத்த அறையிற் சிணுங்கும் குழந்தை. அக்குறிப்புகள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன.

அடுத்த ஆண்டுக்கு ஸ்போக்கன் நகரம், அதற்கடுத்த ஆண்டுக்குச் சிக்காகோ என்று திட்டமிட்டவர்களும் தாம் நிற்காத மண்டபங்களுக்கே திட்டம் வகுத்தனர். இரு மகாநாடுகளும் கணினித் திரையில் நடந்தன. 2023ஆம் ஆண்டிலேதான் ஆசிரியர்கள் மீண்டும் நேரிற் கூடினர். அன்று 500 பேர் முதன்முதற் கூடிய அதே சிக்காகோவிலே, சனிக்கிழமை பிற்பகலுக்கும் பேச்சாளரை ஒதுக்கிவைத்து.