மழை பொய்த்ததாலா பசி? சூடான் சொல்லும் பதில்

2024ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியோடு வாழ்ந்ததாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டுள்ளன. மக்கள்தொகை பெருகிவிட்டது, மழை பொய்த்துவிட்டது என்பதே நாம் வழக்கமாகக் கேட்கும் விளக்கம். அதே உலகில் 2022இல் மட்டும் வீடுகளும் கடைகளும் உணவகங்களும் வீணாக்கிய உணவு 100 கோடி டன்னுக்கும் அதிகம். உணவு இருக்கிறது, பசித்தவரிடம் அது ஏன் போய்ச் சேரவில்லை?

சூடானைப் பார்ப்போம். இரு நைல் நதிகளுக்கு நடுவே கிடக்கும் ஜஸீரா, ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பாசனத் திட்டங்களில் ஒன்று. 1925இல் ஆங்கிலேயர் அதைத் தொடங்கியது சூடானியரின் வயிற்றுக்காக அல்ல, லங்காஷயர் ஆலைகளின் பருத்திக்காக. பின்னர் கோதுமையும் சோளமும் விளைந்தன. 1970களில் 'அரபுலகின் உணவுக் களஞ்சியம்' என்றே சூடானைப் பேசினார்கள்.

2023 ஏப்ரல் 15, ரமளானின் கடைசிப் பத்து. ஜெனரல் புர்ஹானின் இராணுவமும் ஹெமெத்தியின் ஆர்.எஸ்.எஃப். படையும் மோதத் தொடங்கின. அந்த டிசம்பரிலேயே ஆர்.எஸ்.எஃப். ஜஸீராவுக்குள் புகுந்து, தானியக் கிடங்குகளையும் டிராக்டர்களையும் சூறையாடியது. விவசாயி ஓடிவிட்டால் நைல் ஓடி என்ன பயன்? 2024 ஆகஸ்டில் தார்ஃபூரின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. ஓராண்டுக்கும் மேலாக முற்றுகையிடப்பட்ட அல்ஃபாஷிரில், மாட்டுத் தீவனமான கடலைப் பிண்ணாக்கை மக்கள் தின்றார்கள். இராணுவ அரசும் சளைத்ததல்ல. சாட் எல்லையிலுள்ள அத்ரே வழியை 2024 பிப்ரவரியில் மூடி, ஆகஸ்ட் வரை நிவாரண லாரிகளைத் தடுத்தது. இரு தரப்பும் முஸ்லிம்கள் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

போருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? சூடான் தங்கத்தின் பெரும்பகுதி ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போகிறது. அமீரகம் ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஆயுதம் தருவதாக எழுந்த குற்றச்சாட்டை ஐ.நா. நிபுணர் குழு 2024இல் நம்பத்தக்கது என்றது, அமீரகம் மறுக்கிறது. நம் பிள்ளைகளுக்கு வேலை தரும் நாடு என்பதற்காக இதைப் பேசாமல் கடக்க முடியாது.

குர்ஆனின் குறைஷ் அத்தியாயம் பசியையும் அச்சத்தையும் அருகருகே வைத்துச் சொல்கிறது. பாதுகாப்பு போன இடத்தில் சோறும் போய்விடுவதை சூடானியர் அனுபவிக்கிறார்கள்.

அங்கே 'தகாயா' எனும் பொது அடுப்புகளைத் தெருவாசிகளே நடத்துகிறார்கள். பெரிய பானையில் பருப்போ பயறோ வேகும். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றபோது அவற்றில் பல அணைந்தன. வெளிநாடுகளில் வாழும் சூடானியர் அனுப்பும் காசில் சில இன்னும் எரிகின்றன. இவ்வாண்டு ஜகாத் பணத்தைப் பிரிக்க உட்காரும் ஜமாஅத்துகள், இந்த அடுப்புகளையும் கணக்கில் எடுக்கலாம்.