கொடைக்கானலைச் சாட்சிக்கு இழுத்தவருக்கு

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்குப் போன இதழில் ஒரு மதுரைக்காரர் புத்தி சொல்லியிருந்தார். எந்த நாடானாலும் ஆங்கில இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், உள்ளூர் மொழி எதற்கு, வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், தமிழை லீவுக்கு வரும்போது அப்பத்தாவிடம் கற்றுக்கொள்ளட்டும். சாரம் இவ்வளவுதான். இதற்கு அவர் கூட்டிவந்த பெரிய சாட்சி, நம் ஊருக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள். ஊரெல்லாம் தமிழ்ப் பள்ளி திறந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை மட்டும் கொடைக்கானலில் ஆங்கிலப் பள்ளியில் படிக்க வைத்தார்களே, அவர்களுக்குத் தெரியாததா என்று கேட்கிறார்.

சாட்சியை விசாரித்துவிடுவோம்.

அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது 1834இல். சமவெளியின் வெக்கையும் நோயும் அவர்கள் குடும்பங்களை வாரிக்கொண்டு போனதால் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். ஆனால் பிள்ளைகள் படிக்கும் வயதுக்கு வந்தால் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும். பெற்றவர்கள் அப்புறம் ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்க முடியாது. இந்தக் கொடுமைக்கு மாற்றாக 1901இல் மலைமேல் தொடங்கியதுதான் ஹைக்ளர்க் பள்ளி, இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி. என்றைக்காவது அமெரிக்கா திரும்பிக் கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைகளுக்கு, அமெரிக்கப் படிப்பை, அவர்களுடைய தாய்மொழியிலேயே சொல்லிக்கொடுத்த இடம். ஆக, அந்நிய மண்ணில் சொந்த மொழியில் பிள்ளையைப் படிக்க வைக்க மலையேறிப் பள்ளி கட்டிய பெற்றோர் அவர்கள். அவர்களைக் காட்டித்தான் இவர் நம்மிடம் உங்கள் மொழியை விட்டுவிடுங்கள் என்கிறார்! எதிர்த்தரப்புச் சாட்சியைத் தன் சாட்சி என்று கூண்டில் ஏற்றிய வக்கீலை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்த மிஷனரி வீடுகளில் இன்னொரு சங்கதியும் உண்டு. மதுரை மிஷனரி ஒருவரின் மகனாகப் பிறந்து, அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர் ஜே. எஸ். சாண்ட்லர். சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் தமிழ்ப் பேரகராதிப் பணியை அவர் பொறுப்பில்தான் ஒப்படைத்தது. வீட்டில் ஆங்கிலம், வெளியில் தமிழ் என்று இரண்டும் காதில் விழுந்ததால் அந்தப் பிள்ளை கெட்டுப்போகவில்லை.

கெட்டுப்போகும் என்பதுதான் கட்டுரையாளரின் அடுத்த மிரட்டல். மூன்று மொழி கேட்டால் பிள்ளை குழம்புமாம், பேச்சு தள்ளிப்போகுமாம். மதுரையில் பிறந்த ஒருவர் இதை எழுத எப்படிக் கை வந்தது? திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியும் முனிச்சாலைப் பக்கமும் ஒரு நடை போய்வரட்டும். அம்மாவிடம் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வளர்கிறார்கள். பாடகர் டி. எம். சௌந்தரராஜன் அப்படியொரு மதுரை வீட்டுப் பிள்ளைதான். தமிழ் உச்சரிப்புக்கு யாரைக் கேட்க வேண்டும் என்றால் இன்றைக்கும் நாடு அவர் குரலைத்தான் காட்டுகிறது.

இரண்டு வயதுக் குழந்தை ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியைக் கலப்பது குழப்பமல்ல. தெரிந்த சொல்லை எடுத்துப் பேசுகிறது, அவ்வளவுதான். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. தாமதமானால் காரணம் வேறு. முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். இவர் பேச்சை நம்பித் தமிழை நிறுத்திவிட்டு, இனி சரியாகிவிடும் என்று காத்திருக்கும் தாய் தகப்பனுக்கு, காது கேளாத பிள்ளையின் ஒரு வருஷம் வீணாய்ப் போனால் இவரா பொறுப்பு?

ஓர் இடத்தில் அவர் சொல்வது சரி. மூன்று வருஷத்துக்கு ஒரு நாடு என்று மாற்றலாகிப் போகிறவர்களுக்கு, எங்கே போனாலும் தொடரக்கூடிய பாடத்திட்டம் வேண்டும். வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர் அங்கேயே சிபிஎஸ்இ பள்ளியைத் தேடுவதும் நியாயம். ஆனால் ஜெர்மனியில் வீடு வாங்கிக் குடியேறிவிட்டவருக்கும் அதே மருந்தா? அங்கே அரசுப் பள்ளிக்குக் கட்டணமே கிடையாது. இவர் சொல்லும் பள்ளிக்கோ வருஷத்துக்குப் பல லட்சம் அழ வேண்டும். அழுதுவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனோடு பேசத் தெரியாத பிள்ளையை வளர்க்க வேண்டும். ஈழத்திலிருந்து சுவிட்சர்லாந்துக்கும் நார்வேக்கும் அகதிகளாகப் போனவர்களிடம் அந்தப் பணம் இல்லை. பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வார இறுதியில் தாங்களே தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள். மூன்று வயதில் நார்வே போன கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயர், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினர். நார்வேஜிய மொழி எதற்கு என்று அவரிடம் போய்க் கேட்கலாம்.

கடைசியாக அந்த லீவுத் தமிழ். வீட்டுப் பேச்சு மட்டும் இருந்தால் ஒரு மொழிக்கு என்ன ஆகும் என்பதற்கும் மதுரையே பாடம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டி. எம். ராமராய் சௌராஷ்டிரத்துக்கு எழுத்தைச் சீர்செய்து பாடநூல்கள் அச்சிட்டார். பள்ளிகள் அதைத் தொடர்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. மொழி நாக்கில் இருக்கிறது; அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் சௌராஷ்டிரர்களுக்குத் தெருத்தெருவாகத் துணை இருந்தது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பள்ளிப் பாடமும்கூட. அங்கேயே வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசும் இந்தியர் 2010இல் 100க்கு 37 பேர், 2020இல் 28. வீட்டிலும் பேசாதே, பள்ளியிலும் வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பது அப்பத்தா ஒருவர்தான்.

அப்பத்தாவின் பள்ளி எப்படி நடக்கும் என்றும் பார்த்துவிடலாம். ஜெர்மன் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை ஜூன் பாதிக்கு மேல்தான். மதுரையில் அதற்குள் பள்ளி திறந்திருக்கும். மாமா பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் காலையில் வேனேறினால் சாயங்காலம் டியூஷன் முடித்துத்தான் வருவார்கள். வந்தாலும், தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளில் படிக்கிறவர்கள் அவர்கள். வெளிநாட்டிலிருந்து ஒருத்தன் வந்து சிக்கினால் தங்கள் ஆங்கிலத்தை அவனிடம் பழகிப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு அதைவிட ஆசை. பகலெல்லாம் வீட்டில் இருப்பது அப்பத்தாவும் டிவியும். அப்பத்தாவுக்கோ ஆங்கிலம் தெரியாது, பேரனுக்கோ இவருடைய ஆலோசனைப்படி தமிழில் ஒரு வாக்கியமும் வராது. முதல் நாள் பாடத்தை எந்த மொழியில் தொடங்குவது என்று அவர் அடுத்த கட்டுரையில் விளக்கட்டும்.